மரத்துப்போகும் கை, வலிக்கும் கை: அறுவைச் சிகிச்சையை எப்போது தள்ளிப்போடலாம், எப்போது கூடாது

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரக் கடற்கரையில் கையை நம்பாத தொழில் என்று ஒன்றைச் சொல்வது கடினம். விசைப்படகில் வலை இழுப்பவர்கள், நாட்டுப்படகில் போய் நண்டு வலையிலிருந்து கால் ஒடியாமல் நண்டைக் கழற்றுபவர்கள், மண்டபம் பக்கத்தில் அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கும் பெண்கள், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பவர்கள், மூங்கில் மிதவையின் கயிற்றில் பாசி நாற்றை ஒவ்வொன்றாக முடிந்து கட்டுபவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவர்கள், சாயல்குடி வட்டாரத்தில் பனையேறுபவர்கள், ஓலைப்பெட்டி முடைபவர்கள் என எல்லோருக்கும் மூலதனம் இரண்டு கைகள்தாம். அதனாலேயே இங்கே கை வலியும் மணிக்கட்டு வலியும் நோய்க் கணக்கில் வருவதில்லை. வேலை செய்கிற கை வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள்.

விட முடியாத நிலை வரும்போது ஒரு வரிசை தொடங்குகிறது. முதலில் தைலம், அடுத்து மருந்துக் கடையில் வாங்கும் செட் மாத்திரை, அப்புறம் எண்ணெய் போட்டு நீவிவிட்டு ஒரு கட்டு, பிறகு யாராவது கைகாட்டும் டாக்டரிடம் ஓர் ஊசி, எதற்கும் அடங்காவிட்டால் கடைசியாக ஆபரேஷன். படித்த குடும்பங்களிலும் இதே வரிசைதான், ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு ஸ்கேன் கூடுதலாகச் சேரும், அவ்வளவே. இந்த வரிசை சில நோய்களுக்கு முற்றிலும் பொருத்தமானது. வேறு சில நோய்களில் இதே வரிசையில் பொறுமையாக நடந்து முடிப்பதற்குள், அறுவைச் சிகிச்சையாலும் திருப்பித் தர முடியாத ஒன்றைக் கை இழந்துவிடுகிறது. எனவே அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற முடிவை வலி எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது சரியல்ல. காத்திருக்கும் காலத்தில் கைக்குள் எது அழிந்துகொண்டிருக்கிறது என்பதே முதலில் தெரிய வேண்டியது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, மருத்துவர்கள் கார்ப்பல் டனல் என்று சொல்லும் மணிக்கட்டு நரம்பு நெரிசல். மணிக்கட்டின் அடியில் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. அதன் மேல், எலும்புகளைப் பிணைக்கும் தடித்த தசைநார் ஒன்று குறுக்கே கூரையாகப் படர்ந்திருக்கிறது. இந்த இடுக்கு வழியாக தசையை எலும்போடு இணைத்து விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. தசைநாண்களின் உறை தடித்தாலோ உடலில் நீர் கோத்தாலோ உள்ளே அழுத்தம் கூடுகிறது. தசைநாண் அதைத் தாங்கிக்கொள்ளும், நரம்பு தாங்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்பைச் சேர்ந்தது, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவரும் தசைகளை இயக்குவதும் பெரும்பாலும் இதுவே.

நோய் தொடங்குவது பெரும்பாலும் இரவில். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது அழுத்தம் ஏறி, நள்ளிரவில் கை மரத்து, எரிந்து, எழுந்து உட்கார்ந்து கையை உதற வைக்கிறது. உதறினால் சற்றுக் குறைகிறது என்று நோயாளி சொல்வதே மருத்துவருக்குப் பெரிய தடயம். பகலில் வலை கட்டும்போதும் கைப்பேசியைக் காதோடு பிடித்திருக்கும்போதும் விரல்கள் மதமதத்துப் போகும். அடுத்த கட்டத்தில் பொருள்கள் கை நழுவும், சட்டைப் பொத்தானும் ஜாக்கெட் கொக்கியும் போட நேரமாகும், வலை ஊசியில் நூல் ஏற்ற இன்னொருவர் தேவைப்படுவார்.

இதற்குப் பிறகு வருவதுதான் ஆளை ஏமாற்றும் கட்டம். நரம்பின் நார்கள் சாகத் தொடங்கும்போது வலியும் எரிச்சலும் குறைந்துவிடும். கை தேறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைக்கும் அந்த நாட்களில் மரப்பு மட்டும் இரவு பகலாக நிலைத்திருக்கும். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க அருகருகே வைத்து, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை மேட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். ஒரு பக்கம் மேடு தட்டையாகி, தோலுக்கடியில் எலும்பின் விளிம்பு தடவக் கிடைத்தால் நெரிசல் முற்றிவிட்டது என்று பொருள். நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் மீண்டும் வளரும். நெடுநாள் வற்றிய தசை, நெரிசலை நீக்கிய பிறகும் பழையபடி திரண்டு வருவது அரிது. வலி தாங்கும் சக்தி உள்ளவர் என்று ஊரில் பெயரெடுத்தவர்களே இந்த நிலையில் வந்து சேர்கிறார்கள் என்பது கொஞ்சம் கசப்பான உண்மை.

அதற்காகக் கை மரத்தவுடன் கத்தி எடுக்க வேண்டியதில்லை. இரவில் மட்டும் வந்து போகும் மரப்புக்கு, மணிக்கட்டை வளையாமல் நேராக நிறுத்தும் பட்டையை ஆறு வாரமாவது தூங்கும்போது அணிவது முதல் சிகிச்சை, பலருக்கு அதுவே போதும். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து அவற்றைச் சரிசெய்வது அதே அளவு முக்கியம். கர்ப்ப காலத்தில் வரும் நெரிசல் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாக விலகிவிடும். ஸ்டீராய்டு ஊசி சில மாதங்களுக்கு நல்ல ஆறுதல் தரும், ஆனால் ஓராண்டுக்குள் திரும்பி வருவோர் நிறையப் பேர். மரப்பு பகலிலும் விடாமல் நின்றாலோ, பிடிமானம் குறைந்தாலோ, சதை மேடு சரியத் தொடங்கினாலோ, இவற்றில் எதையும் முயன்று பார்க்காமல் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போவதே சரியான வரிசை. அந்தக் கட்டத்தில் ஊசி போட்டு மூன்று மாதம் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

எல்லா மரப்பும் மணிக்கட்டிலிருந்து வருவதில்லை. சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் மரத்தால் அது முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பு, மணிக்கட்டில் மீடியன் நரம்பை விடுவிப்பதால் அதற்குப் பயன் இல்லை. கழுத்து எலும்பில் நரம்பு வேர் நசுங்கினாலும் கட்டைவிரலும் நடுவிரலும் மரக்கலாம், கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து சுருக்கென்று இறங்கும் வலி அதைக் காட்டிக்கொடுக்கும். நம் மாநிலத்தில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று தொழுநோய். தோலில் உணர்ச்சியற்ற தேமலும் முழங்கையின் உட்புறத்தில் தடித்த நரம்பும் இருந்தால், முதலில் வேண்டியது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை. (தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு வேறு தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்கவைக்கும் அறுவை முறையை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வளர்த்தெடுத்தார். கை அறுவை மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் நற்பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறும் உண்டு.) நரம்பின் வழியாக மின்துடிப்பு எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை, நெரிசல் எங்கே, எவ்வளவு என்பதைச் சொல்லும். அது எல்லா ஊரிலும் இல்லை. தொடக்க நிலையில் நோய் இருந்தும் சோதனை சரியாகவே இருக்கக் கூடும் என்பதால், காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியல்ல.

தசைநாண் நோய்களில் கணக்கு நேர் எதிரானது. வலி கடுமையாக இருக்கும், ஆனால் காத்திருப்பதால் இழப்பு பெரிதாக இருக்காது. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு ஓரத்தில் குத்தும் டிகுவெர்வைன் நோயை ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வைன் 1895இல் விவரித்தார். கட்டைவிரலை விரித்துத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரே உறைக்குள் உரசி, உறை தடித்துப்போவதே அதன் அடிப்படை. கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் இது வழக்கம், நாள் முழுவதும் கட்டைவிரலை அழுத்தி நண்டு ஓட்டைப் பிளப்பவர்களுக்கும் கயிற்றில் முடிச்சிடுபவர்களுக்கும் இதே இடத்தில்தான் வலிக்கும். கட்டைவிரலைச் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையும், உறைக்குள் சரியாக இறங்கும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் பெரும்பாலானோரைக் குணப்படுத்திவிடும். அறுவைச் சிகிச்சை சிறியதுதான், ஆனால் கத்தி போகும் வழியிலேயே தோல் உணர்ச்சி நரம்பின் மெல்லிய கிளை ஒன்று ஓடுகிறது. அது காயப்பட்டால் பழைய வலியைவிடத் தொல்லையான எரிச்சல் மிஞ்சும். ஆகவே இங்கே பொறுமைக்கு இடமுண்டு.

விரல் மடங்கி நின்று, மற்றக் கையால் இழுத்தால் டக்கென்று நிமிரும் நோயும் இதே இனம். வலை இழுக்கும் கப்பியில் முடிச்சு விழுந்த கயிறு சிக்கிக்கொள்வதைப் போல, விரலின் அடியில் இருக்கும் வளையத்தில் தடித்த தசைநாண் மாட்டிக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அடிக்கடி, ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் வரும். அவர்களுக்கு ஊசி வேலை செய்வது குறைவு, ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை அளவும் ஏறும். ஒன்று அல்லது இரண்டு ஊசிக்குப் பிறகும் விரல் சிக்கினால் வளையத்தை வெட்டிவிடுவது எளிய, நம்பகமான சிகிச்சை. விரல் நிமிராமலே நின்றுவிட்டால் கணு இறுகிப்போவதற்குள் செய்துகொள்வது நல்லது.

மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவுக்கு எழும் நீர்க்கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல தானாகவே வற்றிவிடும், உறிஞ்சி எடுத்தாலும் அறுத்து எடுத்தாலும் திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் அறுத்தால் கட்டி இருந்த இடத்தில் தழும்பு இருக்கும்.

கட்டைவிரலின் அடி மூட்டு தேய்வது வேறு விதமான முடிவைக் கேட்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களில் இது மிகுதி. எக்ஸ்ரேயில் மூட்டு முழுவதும் தேய்ந்திருப்பவர் வலியின்றி வேலை செய்வதும், சற்றே தேய்ந்தவர் ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் தவிப்பதும் சகஜம். ஆகவே படத்தைப் பார்த்து யாருக்கும் அறுவை தேவைப்படாது, வாழ்க்கையைப் பார்த்தே தேவைப்படும். ட்ரபீசியம் என்னும் சிறு எலும்பை எடுத்துவிடும் அறுவையில் வலி நன்றாகக் குறைகிறது, ஆனால் கை முழுப் பயனுக்கு வர ஆறு மாதம்வரையும் சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். ஓலை முடைந்து அன்றாடக் கூலி பெறும் ஒருவருக்கு அந்த ஆறு மாதம் யார் சோறு போடுவது என்பதும் மருத்துவக் கேள்விதான். பட்டை, பிடி தடித்த கத்தி, அவ்வப்போது ஊசி என்று சில ஆண்டுகளை ஓட்டுவதில் இழப்பு ஒன்றும் இல்லை, மூட்டு மேலும் தேய்ந்தாலும் அறுவை அப்போதும் அதே அறுவைதான்.

கடற்கரைக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். மீன் முள்ளோ இறால் கொம்போ குத்தியதை இங்கே யாரும் காயமாகவே கருதுவதில்லை, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து விரலோ மணிக்கட்டோ மெல்ல வீங்கி, பெரிய வலியின்றி, காய்ச்சலின்றி, மடக்க முடியாமல் போகும்போது அந்தக் குத்து நினைவில் இருக்காது. நீரிலும் மீனிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மாரினம் இப்படித் தசைநாண் உறைக்குள் குடியேறக் கூடும். உண்மையான காசநோயும் மணிக்கட்டு உறையில் வருவதுண்டு, அறுத்துப் பார்த்தால் உள்ளே அரிசி மணிகளைப் போன்ற துகள்கள் கிடைக்கும். இவற்றைச் சாதாரணத் தேய்மானம் என்று எண்ணி ஸ்டீராய்டு ஊசி போட்டால் கிருமிக்கு வேலி அகன்றதாகிவிடும். இங்கே அறுவையின் முதல் நோக்கம் உறையிலிருந்து திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. கிருமி எது என்று தெரிந்தபின் பல மாதங்களுக்கு மருந்து எடுக்க வேண்டியிருக்கும். எனவே மீன்பிடித் தொழிலில் இருக்கும் எவரும் மருத்துவரிடம் கையை நீட்டும்போது, எப்போதோ முள் குத்தியது என்ற தகவலை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் மருத்துவருக்கு எதிரில் இருப்பவர் மீன் கழுவுபவர் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது.

அதே போல, படகின் அணியத்தில் வழுக்கிக் கையூன்றி விழுந்தது பழைய கதையாக இருக்கலாம். அப்போது எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்று கட்டுப் போட்டிருப்பார்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கஃபாய்டு எலும்பின் முறிவு, தொடக்கத்தில் எக்ஸ்ரேக்குத் தப்பிவிடுவது நன்கு அறியப்பட்டது. அந்த எலும்புக்கு ரத்தம் நுனியிலிருந்து பின்னோக்கி வருவதால் முறிந்த துண்டு ஒட்டாமலே நின்றுவிடும். ஒட்டாத எலும்போடு ஆண்டுக்கணக்கில் கயிறு இழுத்தால் மணிக்கட்டு முழுவதும் தேய்ந்துபோகும். வலி சுமாராக இருந்தாலும், தேய்மானம் தொடங்குவதற்கு முன்பே எலும்பு ஒட்டுவைத்துத் திருகாணி பொருத்துவது பொருளுள்ள அறுவை, தேய்ந்த பிறகு செய்வது மணிக்கட்டின் அசைவை விலையாகக் கொடுத்து வலியைக் குறைப்பது மட்டுமே. விழுந்த வயது, விழுந்த விதம், அப்போது வீங்கிய இடம் ஆகியவற்றை நினைவுகூர்ந்து சொல்வது ஒரு ஸ்கேனுக்குச் சமம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த எலும்பு ஒட்டுவது இன்னும் கடினம்.

மேலே சொன்ன எதிலும் அடங்காத வலியும் உண்டு. கை முழுவதும், சில நேரம் தோள்வரை, இடம் குறிப்பிட முடியாத வலி. மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்தால் சுண்டுவிரல் பக்கத்துக் குருத்தெலும்பில் கிழிசல் என்று அறிக்கை வரும். வயது ஏற ஏற வலியே இல்லாதவர்களின் மணிக்கட்டிலும் அப்படிப்பட்ட கிழிசல்கள் காணப்படுகின்றன. ஆகவே படத்தில் தெரிந்த குறையும் விரலால் தொட்டுக் காட்டும் வலியும் ஒரே இடத்தில் பொருந்தாதபோது அறுவைக்கு ஒப்புக்கொள்வது பெரும்பாலும் வருத்தத்தில் முடியும். காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இரு கைகளும் இறுகி நின்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு முதல் மருந்து மாத்திரையே. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, கவலையோடு வேலை செய்த கையில் வலியை உணரும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வலி பொய்யல்ல, ஆனால் அதை வெட்டி எடுக்க இடம் இல்லை.

செட் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. காகிதத்தில் மடித்துத் தரப்படும் அந்த நான்கைந்து மாத்திரைகளில் வலி மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பது அரிதல்ல. வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குறைவாகக் குடித்துக் கடலில் நிற்பவரின் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் நல்லதல்ல, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். அறுவைக்குப் பயந்து மூன்று ஆண்டு செட் மாத்திரை விழுங்குவது, கத்தியைவிடப் பாதுகாப்பானது என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

அறுவை என்றதும் வரும் அச்சத்தில் பாதி, முழு மயக்கத்தைப் பற்றியது. நரம்பு நெரிசல், விரல் சிக்கல், டிகுவெர்வைன் ஆகிய மூன்றுக்கும் அது தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரக்கச்செய்து, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாம். கார்ப்பல் டனல் அறுவையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள் கீறி, கூரையாக இருக்கும் தசைநாரை வெட்டிவிடுகிறார்கள். நரம்பைத் தொடுவதில்லை, அதற்கு இடம்விட்டுக் கொடுப்பதோடு சரி. பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். இரவு எரிச்சல் பலருக்கு முதல் சில நாட்களிலேயே நின்றுவிடும், விரல் நுனியின் மரப்பு விலக மாதங்கள் ஆகும். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். உள்ளங்கையின் இரு ஓர மேடுகளில் அழுத்தினால் வலிப்பது மூன்று மாதம்வரை நீடிக்கலாம், பிடியின் வலுவும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் திரும்பும். தொற்று, நரம்புக் காயம், கை முழுவதும் வீங்கிச் சிவந்து இறுகும் சிக்கலான வலி நோய் ஆகியவை அரிதாக வரக்கூடியவை. அரிது என்பதால் மருத்துவர் சொல்லாமல் விட்டால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, எப்போது செய்துகொள்வது என்பது இந்தக் கடற்கரையில் நாள்காட்டியோடு கட்டுண்ட கேள்வி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஏப்ரல் 20 வாக்கில் ஒரு கையில் நரம்பு நெரிசல் அறுவை செய்துகொண்டால், படகுகள் மீண்டும் புறப்படும் ஜூன் 15க்குள் எட்டு வாரம் கிடைக்கிறது, கயிறு இழுக்கும் கனமான வேலைக்குத் திரும்ப மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் தடைக்காலம் ஓய்வுக்காலம் அல்ல. அந்த இரண்டு மாதத்தில்தான் கிழிந்த வலை எல்லாம் கரைக்கு வரும், படகுக்குப் பழுதுபார்ப்பும் சாயமும் நடக்கும். கையை நோகடிக்கிற வேலையே வலை கட்டுவதாக இருக்கும்போது, அந்த முறை வலையைத் தம்பியோ மகனோ கட்டுவார் என்று வீட்டில் பேசி முடித்த பிறகே தேதி வாங்க வேண்டும். இரண்டு கைகளிலும் நோய் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் செய்துகொள்பவர்கள் உண்டு, ஆனால் சாப்பிடவும் கால் கழுவவும் இன்னொருவர் துணை வேண்டியிருக்கும் அந்த நாட்களைத் தனியாக இருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மோசமான கையை முதலில் செய்வதே வழக்கம்.

தையல் பிரித்த மறுநாளே கடலில் இறங்குவது இங்கே நடக்கிற ஒன்று. காயம் முழுவதும் தோல்மூடி, பொருக்கு உதிர்ந்து, ஈரம் கசியாத நிலை வரும்வரை உப்பு நீரும் மீன் கழுவிய நீரும் படக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகள் சிறு புண் வழியாகவும் நுழையும், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் நீரில் நிற்பார்கள். அந்த ஈரத்துணிக்குள் புதுத் தழும்பு ஊறிக் கிழியும் என்பதை, எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்கும்போதே மருத்துவரிடம் விளக்கிச் சொன்னால், அவர் தரும் தேதி மாறக் கூடும். மேசை வேலை செய்பவரை மனத்தில் வைத்துச் சொன்ன இரண்டு வாரம் இவர்களுக்குப் பொருந்தாது.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அதை அடுத்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. கை அறுவைக்கென்றே தனித் துறை வளர்ந்த சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சிக்கலான நோய்களுக்குப் போகலாம், விரல் சிக்கலுக்கு அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும். தனியார் மருத்துவமனையை நினைப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அந்தத் திட்டப் பட்டியலில் உள்ளதா, அந்த மருத்துவமனை அந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்ற இரண்டையும் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டே சேர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போது சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது, அறுவைக்கு முன் செய்யும் ஆயத்தங்களில் செலவில்லாத ஒன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருப்பது போலத் தோன்றினாலும், முடிவை மாற்றக் கூடியவை சிலவே. நோயின் பெயர் என்ன, அது சோதித்துப் பார்த்துச் சொன்னதா, படத்தை மட்டும் பார்த்துச் சொன்னதா? ஆறு மாதம் காத்திருந்தால் நிரந்தரமாக எதை இழப்பேன்? என் வேலை இன்னது, இதற்கு எத்தனை வாரத்தில் திரும்பலாம்? இந்த அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு எதையும் இழக்கமாட்டீர்கள் என்று விடை வந்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அவகாசம் இருக்கிறது என்று பொருள். நரம்பு போய்க்கொண்டிருக்கிறது என்று விடை வந்தால், குலதெய்வக் கொடையும் அடுத்த தடைக்காலமும் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது கட்டுபடியாகாது. நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சலிப்பதில்லை. சலிப்பவரிடம் கையைக் கொடுக்க வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அறுவை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் இரவு மரப்பு அப்படியே இருந்தால், அதே இடத்தில் மறுபடி அறுக்க ஒப்புக்கொள்வதற்கு முன் காரணம் கண்டறியப்பட வேண்டும். தசைநார் முழுவதும் வெட்டப்படாமல் ஓர் இழை நின்றிருக்கலாம், கழுத்தில் இன்னொரு நெரிசல் இருக்கலாம், அல்லது நரம்பு முன்பே அதிகம் சேதமாகி மெல்லத் தேறிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. அறுவைக்கு முன் எடுத்த நரம்புக் கடத்தல் சோதனையின் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் புதிய சோதனையை அதோடு ஒப்பிட்டு எது என்று சொல்லிவிட முடியும். மருத்துவமனை மாறினாலும் பயன்படும் அந்தத் தாளின் நகலை, அறுவைக்குச் சேரும் நாளிலேயே கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துவிடுவது நல்லது.